கொள்ளு போட்ட ரோட்டில் ஒற்றைச் சக்கரம்

திருப்பத்தூர் பஸ்ஸிலிருந்து என் மகள் ஜெயசுதா இறங்கினாள். அவள் பின்னாலேயே கண்டக்டரும் இறங்கி வந்தார். அவர் கையில் ஒரு சக்கரம், அதன்மேல் ஒரு கம்பி, கம்பியின் உச்சியில் ஒரு சீட்டு.

"இன்னா துரைக்கண்ணு, உம் பொண்ணு பாதி சைக்கிள்தான் ஏத்திக்கினு வந்துக்குது. மீதி பாதி எந்த பஸ்ல வருது?" என்று கேட்டார்.

ஜமுனாமரத்தூரில் அன்று சந்தை நாள். பஸ் ஸ்டாண்டே சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த மலையில் இத்தனை வருஷமாக ஜீப் ஓட்டிப் பிழைக்கிறேன். வண்டி விஷயத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்க எவனுக்கும் நான் இடம் கொடுத்ததில்லை.

"இன்னாம்மா இது?"

"யூனிசைக்கிள்ப்பா. ஒத்த சக்கர சைக்கிள்."

"பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்ன. சர்க்கஸ்ல சேர்ந்துட்டியா?"

"லீவு போட்டுருக்கேன்ப்பா. இதுலயே தனுஷ்கோடி போகப் போறேன்."

நான் பதில் சொல்வதற்குள் பையைக் கழற்றி என் தோளில் மாட்டிவிட்டு, பஸ்ஸின் ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அந்தச் சக்கரத்தின் சீட்டில் ஏறிவிட்டாள். ஏணியை விட்டாள். அவ்வளவுதான். பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இல்லை, முன்னால் ஒன்றுமில்லை, பின்னால் ஒன்றுமில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் லேசாக விரித்து, சந்தைக் கூட்டத்துக்கு நடுவில் என் மகள் ஆள் உயரத்துக்கு மேலே போனாள். பலாப்பழக்காரர் விலை சொல்ல வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். சிரித்த பஸ் ஸ்டாண்ட் கப்சிப். மூட்டை தூக்கியைப் போல அவள் பையைச் சுமந்துகொண்டு நான் பின்னால் ஓடினேன். கோபம் கோபமாகத்தான் வந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் மற்ற எல்லாரையும்விட அதிகமாக வாயைப் பிளந்தவன் நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். ரோட்டில் லாரிக்காரன் எப்படி வருவான், நாய் எப்படிக் குறுக்கே பாயும், ஒரு பொட்டைப் பிள்ளை தனியாக எங்கே படுப்பாள் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். என் மனைவி கன்னியம்மாள் அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி பிரேக் இல்லாத ஜீப்ப கியர்லயே எறக்கிக்கினு வந்தேன்னு ஊரெல்லாம் பீத்திக்கினு திரிஞ்சீங்களே, அப்ப உங்க அம்மா இன்னா சொன்னாங்க?" என்றாள்.

அவளோடு பேசி ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. மகள் பக்கம் திரும்பினேன். வளர்ந்த பெண், சம்பாதிக்கிற பெண், நான் வேண்டாம் என்றாலும் போகலாம். ஆனால் அவள் சொன்னாள்: "நீ சரின்னு சொல்லாம கெளம்பமாட்டேன்ப்பா. பாதி வழியில உன் மூஞ்சி நெனப்பு வந்தா உழுந்துடுவேன்."

இதுதான் என்னை மாட்டிவிட்டது. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, சரி என்று சொல்லவும் மனசு வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"கணியம்பாடி ரோட்டுல மலை எறக்கம் ஆரம்பிக்குதே, அங்கேர்ந்து அடிவாரம் வரைக்கும் எறங்கிக் காட்டு. ஒரு எடத்துலயும் கால் தரையில படக்கூடாது. பட்டுதுன்னா மூட்ட கட்டிக்கினு பெங்களூர் போ. படலேன்னா தனுஷ்கோடி என்ன, கடலுக்குள்ளயே போ."

"எப்பப்பா?"

"பொங்கல் போவட்டும். பனி கொறையும்."

அந்த ரோட்டின் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். நடக்காத காரியம் என்று நினைத்துத்தான் சொன்னேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் காலையில் வாசலில் தார்ப்பாய் விரித்து அவள் வண்டியைப் பிரித்துப் போட்டாள். நான் டீ தம்ளரோடு போய்ப் பக்கத்தில் நின்றேன். பார்க்க வேண்டும் என்று போகவில்லை, ஆனால் எவனாவது இரும்பைப் பிரித்துப் போட்டால் அந்த இடத்தை விட்டு என் கால் நகராது.

"சக்கரம் சின்னதா இருக்குதே. இன்னும் பெருசு கெடையாதா?" என்றேன். பெரிய சக்கரத்துக்குப் பள்ளம் தெரியாது, இது ஜீப்காரன் கணக்கு.

"முப்பத்தாறு இன்ச் இருக்குப்பா. இது இருபத்தொம்பது. பெருசுல ஒரு மிதிக்கு ஜாஸ்தி தூரம் போவும், ஆனா மலையில அத அடக்க முடியாது. அதோட அந்த டயர் வெடிச்சா விழுப்புரத்துல கேட்டாலும் இல்ல, புதுக்கோட்டையில கேட்டாலும் இல்ல. இருபத்தொம்பதுன்னா கியர் சைக்கிள் விக்கிற எந்தக் கடையிலயும் கெடைக்கும்."

ஸ்பேர் கிடைக்காத வண்டியை வாங்கி நடுரோட்டில் உட்கார்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு யோசித்திருக்கிறாள் என்று உள்ளுக்குள் திக்கென்றது.

பெடல் மாட்டுகிற கிராங்க்கை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டை. மலைக்கு வெளி ஓட்டை, கால் அகலமாகச் சுற்றும், வேகம் குறையும், பிடி கிடைக்கும். சமவெளிக்கு உள் ஓட்டை, கால் சின்னதாகச் சுற்றும், வேகம் வரும்.

"அப்ப இதான் உனக்கு கியர்."

"ஆமாம்ப்பா."

"நியூட்ரல்?"

"கெடையாது. செயின் இல்ல, ஃப்ரீவீல் இல்ல. சக்கரம் சுத்தினா காலும் சுத்தியே ஆவணும். எறக்கத்துல சும்மா உக்காந்துக்கினு வர முடியாது. ஒவ்வொரு சுத்துக்கும் காலாலதான் புடிச்சு நிறுத்தணும். முடியலன்னா சீட்டுக்கு அடியில பிரேக் இருக்கு. அத லேசா தொட்டுக்கினே வரணும், நறுக்குனு புடிச்சா முன்னால தூக்கி எறிஞ்சிரும்."

ஏறின கியரிலேயே இறங்கு என்று எனக்கு ஜீப் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். அவர் சொன்னது இரும்பு கியர். இவள் அந்த மலை முழுவதையும் தன் முழங்காலில் பிடித்து நிறுத்தப்போகிறாள். டீ ஆறிவிட்டது, குடிக்கத் தோன்றவில்லை.

ஆனால் டயர் என்று வந்தபோது நான் விடவில்லை. அவள் வைத்திருந்த டயர் கிட்டத்தட்ட வழவழப்பு. மேலே மெல்லிய கோடுகள் மட்டும். வழுக்கை டயரில் மலை இறங்குகிறேன் என்று எவனாவது சொன்னால் சாவியைப் பிடுங்கி எறிகிற ஆள் நான்.

"மலைக்கு பட்டன் டயர்தான். கட்ட கட்டையா இருந்தாத்தான் ரோட்டப் புடிக்கும்."

"தார் ரோட்டுக்கு அது வாணாம்ப்பா."

"நான் இன்னா ரயிலா ஓட்டுறேன்? நானும் தார் ரோட்டுலதான் ஓட்டுறேன்."

சைக்கிள் கடை சேட்டுவிடம் சொல்லி வேலூரிலிருந்து பட்டன் டயர் வரவழைத்தேன். நானே மாட்டினேன். காற்றையும் நானே அடித்தேன், விரல் அமுங்காத அளவுக்கு. மலையில் எங்கள் வழக்கம் அது. மூட்டையை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்குக் காற்று கல் மாதிரி இருக்க வேண்டும். சேட்டு கூட, "இன்னாண்ணா, லோடு ஏத்தப் போறியா?" என்று கேட்டான். நான் முறைத்தேன்.

ஜெயசுதா அந்த டயரோடு காவலூர் ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனாள். மத்தியானம் திரும்பி வந்தபோது முழங்கை சிராய்த்திருந்தது.

"உனக்கு ஓட்டத் தெரியல" என்றேன்.

"இருக்கலாம்ப்பா. வா, ஒண்ணு காட்டுறேன்."

சக்கரத்தை மட்டும் கழற்றி வாசலில் நிறுத்தினாள். "உருட்டு" என்றாள். உள்ளங்கையால் தள்ளினேன். கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு போன சக்கரம், ரோடு லேசாகச் சரிந்த பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. பிறகு தன்னுடைய வழவழப்பு டயரை மாட்டி, காற்றை அடித்து, அதில் கொஞ்சம் பிடுங்கி, கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து மறுபடியும் கொஞ்சம் பிடுங்கினாள்.

"விரல் கொஞ்சம் உள்ள போவணும்ப்பா. உன் ஜீப்புக்குப் பட்டை ஸ்பிரிங் இருக்கு. எனக்கு இந்தக் காத்துதான் ஸ்பிரிங்கு. இப்ப உருட்டு."

அதே கை, அதே தள்ளு. சக்கரம் சத்தமே இல்லாமல் நேராகப் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. சரிவைக் கண்டுகொள்ளவே இல்லை. கோயில் முனை வரைக்கும் போய்த்தான் சாய்ந்தது.

"நாலு சக்கரம் இருந்தா ஒண்ணு இழுத்தா மூணு புடிச்சுக்கும். எனக்கு ஒண்ணுதான். அது இழுக்கிற பக்கம்தான் நான் போவணும்" என்றாள்.

நான் போய்ச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தப்பு என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. பட்டன் டயரை மட்டும் சேட்டு கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கன்னியம்மாள் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாளா? "இன்னாங்க, ரயில் வண்டி நின்னு போச்சா?" என்று அன்றைக்கெல்லாம் வாட்டினாள்.

பொங்கல் போய்ப் பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் கிளம்பினோம். அவள் முன்னால், நான் ஜீப்பில் பின்னால். ரோடு இறங்கத் தொடங்குகிற இடத்தில் நின்று, என் ஜீப்பின் கண்ணாடிக் கம்பியைப் பிடித்து மறுபடி ஏறினாள். "வர்றேன்ப்பா" என்று சொல்லிக் கையை விட்டாள்.

நான் எத்தனையோ தடவை இறங்கிய மலை. ஆனால் அதன் இறக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவனுக்கு மலை தெரியாது, ரோடுதான் தெரியும். அவளைப் பின்னாலிருந்து பார்த்தபோதுதான் ரோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, வளைவில் எப்படி உள்பக்கம் தள்ளுகிறது, விளிம்புக்கு அப்பால் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் பட்டது. முதல் கொண்டை ஊசி வளைவில் அவள் ஒரு கையால் சீட்டின் முன்பிடியைப் பற்றி, மற்றொரு கையை நீட்டி, உடம்பை ஒரு சின்னச் சாய்ப்புச் சாய்த்தாள். சக்கரம் அவள் பேச்சைக் கேட்டுத் திரும்பியது. கால்கள் நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. ஒரு சுற்றுக்கூட வேகம் பிடிக்கவில்லை. என் ஜீப் இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு வந்தது, அவள் சத்தமே இல்லாமல் போனாள். எனக்குக் கண் கலங்கிற்று. பெற்றவன் என்பதால் இல்லை. வண்டி ஓட்டுகிறவன் என்பதால்.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வளைவிலும், இங்கே ஒரு கால் மட்டும் தரையில் பட்டுவிடட்டும், அடிபடாமல் பட்டுவிடட்டும் என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. அவள் நன்றாக ஓட்ட ஓட்ட, தனுஷ்கோடி நெருங்கிக்கொண்டே வந்தது.

பாதி மலையில் ஒரு ஊர் வரும். அங்கே ரோடு கொஞ்ச தூரம் சமமாக இருக்கும். அந்த வளைவைத் திரும்பியதும் ஜெயசுதாவின் கால்கள் நிதானித்தன. எட்டிப் பார்த்தேன். ரோட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், கண்ணுக்கு எட்டிய தூரம், கொள்ளுச் செடி காய்ந்து கிடந்தது.

சக்கரம், கிராங்க், பிரேக், டயர், காற்று என்று எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் இதை யோசிக்கவில்லை. பொங்கல் கழிந்தால் இந்த மலையில் கொள்ளு பிடுங்குவார்கள். பிடுங்கியதை ரோட்டில் பரப்புவார்கள், போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறி நெற்று உடைந்து கொள்ளு உதிரும். ஒவ்வொரு வருஷமும் நான் ஏற்றி மிதித்துத்தான் போகிறேன். நாலு சக்கரத்துக்கு அது ஒரு சரசரப்பு, அவ்வளவுதான். பொங்கல் போகட்டும் என்று நாள் குறித்தவனும் நான்தான். ஆனால் ஒற்றைச் சக்கரம் அதில் ஏறினால் உருண்டை உருண்டையாகக் கொள்ளு, மேலே வழுக்குகிற தண்டு, கிராங்க்கில் சுற்றிக்கொள்கிற கொடி. ஒரு கஜம்கூடப் போக முடியாது.

முதலில் எனக்கு வந்தது, அப்பாடா என்கிற நிம்மதி. முடிந்தது. அடிபடவில்லை. இறங்குவாள். பெங்களூர் போவாள்.

அவள் இறங்கவில்லை.

செடிக்கு ஒரு முழம் முன்னால், நின்ற இடத்திலேயே சக்கரத்தை அரைச் சுற்று முன்னால், அரைச் சுற்று பின்னால் என்று ஆட்டத் தொடங்கினாள். ஒரு பெடல் கீழே, ஒரு பெடல் மேலே. முன்னால், பின்னால். கை ஒன்று காற்றில் எதையோ தடவிக்கொண்டிருந்தது. அப்படியே நின்றாள், நிற்காமல் நின்றாள்.

செடியைக் கோலால் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் கோலைக் கீழே போட்டுவிட்டார்கள். அதில் ஒருத்தி தேவி, என் ஜீப்பில் சந்தைக்கு வருகிறவள்.

"இன்னாம்மா இது, எறங்கி நடந்து வாம்மா!" என்றாள்.

"எறங்கக் கூடாதுக்கா" என்றாள் ஜெயசுதா. மூச்சு வாங்கியது. "கொஞ்சம் ஓரமா வழி வுடுங்கக்கா. எங்கப்பா சொல்லிட்டாரு, கால் படக்கூடாதுன்னு."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடிவாரத்திலிருந்து ஏறி வந்த பஸ்ஸும் எதிர்ப்பக்கம் வந்து நின்றுவிட்டது. ஜன்னலுக்கு ஜன்னல் தலை. டிரைவர் ஹாரன் மேல் கையை வைத்துவிட்டு, அடிக்காமல் கையை எடுத்தார்.

எனக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஜீப்பில் உட்கார்ந்திருந்தாலே போதும். கொஞ்ச நேரத்தில் அவள் தொடை நடுங்கும், கால் இறங்கும். தொடை நடுங்கத் தொடங்கியதை நானே பார்த்தேன். பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை. இப்படி ஒன்றை என் ஆயுசில் பார்த்ததில்லை, அது தானாக விழுவதற்கு நான் காத்திருக்கிறேனா என்று என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வந்தது.

ஜீப்பை விட்டுக் குதித்தேன். குனிந்து இரண்டு கையாலும் கொள்ளுச் செடியை வாரி ஓரம் தள்ளினேன்.

"அண்ணா, இன்னாண்ணா பண்ற! வண்டி ஏறட்டும்னுதானே பரப்பி வெச்சிருக்கோம்!" என்று தேவி கத்தினாள்.

"ஒரு சக்கரம் போற எடம் போதும் தேவி. எம் பொண்ணு போவட்டும். அப்புறம் நான் ஜீப்ப ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கி, உனக்கு ஒரு நெத்து முழுசா இல்லாம மிதிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன். சத்தியம்."

தேவி என்னைப் பார்த்தாள், மேலே ஆடிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். மற்ற பெண்களும் குனிந்தார்கள். ஆளுக்குக் கொஞ்ச தூரம் வாரிக்கொண்டே போனோம். பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கி அந்தப் பக்கத்திலிருந்து வாரினார்கள். தரையில் உதிர்ந்து கிடந்த கொள்ளை நான் துண்டால் துடைத்தேன். ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பாகத் தார் தெரிந்தது.

"வா!" என்று கத்தினேன்.

அவள் ஆட்டத்தை நிறுத்தி முன்னால் சாய்ந்தாள். அந்த ஒரு சாண் அகலத்துக்குள் சக்கரம் வந்தது. அந்த வழவழப்பு டயர், நான் வேண்டாம் என்ற டயர், இந்தப் பக்கம் ஒரு விரல் விலகவில்லை, அந்தப் பக்கம் ஒரு விரல் விலகவில்லை. என்னைத் தாண்டும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்தாள். அதுதான் சரி. எவரும் கைதட்டவில்லை. தேவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸையும் தாண்டி அடுத்த வளைவில் திரும்பி அவள் மறைந்தாள்.

நான் பின்னாலேயே போயிருக்கலாம். ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டேனே. பஸ் போனதும் வாரியதை மறுபடி பரப்பிவிட்டு, ஜீப்பை ஏற்றினேன், பின்னால் எடுத்தேன், ஏற்றினேன். டயருக்கடியில் நெற்று படபடவென்று வெடித்தது. மனசெல்லாம் கீழே இருந்தது. அந்த ஊருக்குக் கீழேதான் இறக்கம் ஜாஸ்தி. நடுங்கின தொடையோடு எப்படிப் போகிறாளோ. தேவியே பார்த்துவிட்டு, "போதும் போண்ணா, உம் மூஞ்சியப் பாக்க முடியல" என்று விரட்டிவிட்டாள்.

அடிவாரத்தில் புளியமரத்தடியில் ஜெயசுதா உட்கார்ந்திருந்தாள். வண்டி மரத்தில் சாய்ந்திருந்தது. உடம்பு முழுக்க வியர்வை, கண்ணிமையில்கூடக் கொள்ளுத் தூசி. முழங்காலில் அடி இல்லை. அதை மட்டும் பார்த்துக்கொண்டேன். ஜீப்பை நிறுத்திவிட்டு அவள் முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, ஊருக்குக் கீழ நீ கூட இல்லியே. அதனால உண்மையச் சொல்லிடுறேன். அந்த மூணாவது வளைவுல..."

"கம்முனு இரு" என்றேன்.

அந்த மூன்றாவது வளைவில் கால் பட்டதா, படவில்லையா, எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம். உட்கார்ந்து அந்த டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தேன். விரல் கொஞ்சம் உள்ளே போயிற்று.

"பாம்பன்ல கடல் காத்து ஆளையே தள்ளுமே. அங்க இதே டயர் போதுமா, இல்ல வேற போடணுமா?" என்று கேட்டேன்.

அவள் என் உள்ளங்கையை இழுத்து, அதில் குத்தியிருந்த கொள்ளுத் தண்டின் சிலாம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள்.